மெதுவாகப் போகும்போதுதான் பைக் சாய்கிறது: என்ன செய்வது?

வாசகியின் கேள்வி: என் வயது 36. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டி வந்தேன். நெடுநாள் ஆசைப்பட்டு இப்போது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வாங்கி, கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறேன். கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் பயமில்லாமல் ஓட்ட முடிகிறது. ஆனால் பேருந்து நிலைய நெரிசலிலும், யூ டர்ன் போடும்போதும் வண்டி தள்ளாடுகிறது. கால்கள் தாமாகக் கீழே இறங்கிவிடுகின்றன. ஒருமுறை பெட்ரோல் பங்கிலும் இன்னொரு முறை எங்கள் வீட்டு வாசல் சரிவிலும் வண்டியோடு விழுந்துவிட்டேன். என் உயரம் 157 சென்டிமீட்டர். உயரமும் பலமும் போதாது, ஸ்கூட்டருக்கே திரும்பிவிடு என்கிறார் அண்ணன். வேகமாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கணவர். ஆஃப் கிளட்சில் ஓட்டினால் கிளட்ச் பிளேட் எரிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். ஒன்பது வயது மகளை எப்போது பின்னால் உட்காரவைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

வண்டியை விற்க வேண்டாம். மூவரும் உங்கள் நலம் கருதித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், மூவருமே காரணத்தை வேறிடத்தில் தேடுகிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் கால்களிலோ தோள்களிலோ குறை ஏதும் இல்லை. பல ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய உங்கள் இரு கைகளும், அவசரம் என்று தோன்றும் நொடியில், ஸ்கூட்டருக்குச் சரியானதும் பைக்குக்குத் தவறானதுமான ஒன்றைச் செய்துவிடுகின்றன. அதைத் திருத்திக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகச் சரியாகும்.

முதலில் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடும் இருசக்கர வாகனம் ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போது முன்சக்கரம் அதே பக்கமாகச் சற்றுத் திரும்புகிறது. அதனால் சக்கரங்கள் சாயும் எடைக்கு அடியில் வந்து சேர்ந்து வண்டியை நிமிர்த்துகின்றன. ஓரளவு வேகத்தில் இந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது; முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வும் சக்கரத்தின் சுழற்சியும் அதற்குத் துணை செய்வதால், ஓட்டுபவர் எதையும் உணர்வதில்லை. வேகம் குறையும்போது அந்தத் துணை மங்கிவிடுகிறது. அதோடு, வேகம் பாதியானால் அதே அளவுக்கு நிமிர்த்த ஹேண்டில்பாரை ஏறத்தாழ நான்கு மடங்கு திருப்ப வேண்டியிருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் வண்டி தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை, 5 கிலோமீட்டரில் நீங்கள் ஹேண்டில்பாரை இடமும் வலமும் தாராளமாக அசைத்துச் செய்ய வேண்டும். ஆகவே, மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஆடுவது குறையன்று. அந்த ஆட்டம்தான் உங்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பயத்தில் தோள்களை இறுக்கி ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்தால் அந்த அசைவு நின்றுபோய், அப்போதுதான் வண்டி உண்மையில் விழும். வேகமாகப் போகச் சொல்லும் யோசனை, மெதுவாகப் போயே ஆக வேண்டிய பேருந்து நிலைய வாசலில் எந்த வகையிலும் உதவாது.

அண்ணன் சொன்ன பலத்தைப் பற்றி ஒரு தோராயக் கணக்கு. உங்கள் வண்டியின் எடை 195 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், நீங்கள் ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டிலைப் பிடித்துத் தாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும் வண்டியைத் தாங்க ஒரு விரல் போதும். ஐந்து பாகை சாய்ந்தால் எட்டு அல்லது ஒன்பது கிலோ எடையைத் தாங்குவது போன்ற விசை தேவை. பத்துப் பாகையில் 17 கிலோ. இருபது பாகையில் 33 கிலோ. நீங்கள் மேலே உட்கார்ந்திருந்தால் உங்கள் எடையும் அதோடு சேரும். சாய்வு சிறிதாக இருக்கும்வரை உங்களால் தாங்க முடியும். பெரிதாகிவிட்டால் ஆறடி ஆளாலும் ஒற்றைக் காலில் நிறுத்த முடியாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் வரும் வாட்டசாட்டமான இளைஞர்கள் நின்ற இடத்திலேயே வண்டியைச் சாய்த்துவிடுவதைப் பயிற்சியில் அடிக்கடி பார்க்கிறேன். சாய்ந்த வண்டியைத் தாங்குவதற்கு வழி தேடுவதைவிட, அந்த அளவுக்குச் சாயவிடாமல் இருப்பதற்கு வழி தேடுவதுதான் அறிவுடைமை.

இனி உங்கள் கைகளைப் பற்றி. ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின்சக்கரத்தின் பிரேக். இப்போதைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் அதே லீவர் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே, குறுக்கே ஒருவர் வந்தால் இடக்கையை இறுக்குவது உங்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. அது நல்ல பழக்கமும்கூட. ஸ்கூட்டரை நெரிசலில் வழுக்காமல் நிறுத்தி வந்தது அந்தக் கைதான். இப்போது அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பதற்றத்தில் அதை முழுதாகப் பிடித்தவுடன் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து, வண்டியை முன்னோக்கி இழுத்துக்கொண்டிருந்த விசை மறைந்துவிடுகிறது. பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லையே என்று மூளை திகைக்கும் அந்தக் கணத்தில் வலக்கை முன் பிரேக்கைக் கவ்வுகிறது. ஹேண்டில் திரும்பிய நிலையில், நடை வேகத்தில், முன் பிரேக்கை அப்படிப் பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமாகச் சரிந்து விழுவது ஏறக்குறைய உறுதி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மிகக் குறைந்த வேகத்தில் அது வேலை செய்வதில்லை. மேலும் இந்த வீழ்ச்சிக்குக் காரணம் சக்கரம் வழுக்குவதன்று. வண்டி தன் எடையையெல்லாம் முன்பக்கம் சாய்த்து, திரும்பிய சக்கரத்தின் மேல் நின்றுவிடுவதுதான் காரணம்.

இதற்கு மாற்றாக உங்கள் உடல் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: மெதுவாகப் போகும்போது பின்சக்கரத்துக்கு எஞ்சினின் இழுவை இடைவிடாமல் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும், வேகத்தைக் குறைப்பதெல்லாம் வலக்கால் பின் பிரேக்கால் நடக்க வேண்டும். முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டால், ஆக்சிலரேட்டரைத் திறக்காமல் எஞ்சின் ஐடிலில் இருக்கும்போதே வண்டி நடை வேகத்தைவிடச் சற்று அதிகமாகப் போகும். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்து வைத்து, பின் பிரேக் பெடலை மெல்ல அழுத்தியபடி ஓட்ட வேண்டும். எஞ்சின் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, இரண்டுக்கும் இடையே வண்டி இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல விறைப்பாக நிற்கும். ஆக்சிலரேட்டரை ஓரிடத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு, வேகத்தின் கூடுதலையும் குறைவையும் இடக்கை விரல்களாலும் வலக்கால் பாதத்தாலும் மட்டும் கட்டுப்படுத்துங்கள். திருப்பத்தின் நடுவில் வண்டி உள்பக்கமாகச் சரிவதாகத் தோன்றினால் பிரேக்கைத் தேடாதீர்கள். கிளட்சை ஒரு நூலிழை விடுங்கள். கூடும் இழுவை வண்டியை உடனே நிமிர்த்திவிடும். முதல் முறை இதை உணரும்போது சிலர் சிரித்தே விடுவார்கள்.

மெக்கானிக்கின் எச்சரிக்கைக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். நம் ஊரில் ஓடும் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்கின்றன. உரசும்போது உண்டாகும் வெப்பத்தை ஆயில் எடுத்துக்கொள்கிறது. மெதுவாக ஓட்டும்போது குறைந்த எஞ்சின் சுற்றில் ஆஃப் கிளட்ச் பயன்படுத்துவதால் தகடு எரிந்துவிடாது. எரிப்பது வேறு பழக்கங்கள்: எஞ்சினை அலறவிட்டுக் கிளட்சை உரசவிடுவது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்சாலேயே வண்டியை நிறுத்தி வைத்திருப்பது, சாதாரணமாக ஓடும்போதும் லீவரில் விரல்களை அழுத்தியபடி வைத்திருப்பது. பயிற்சியின்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். எரிந்த நாற்றம் வந்தாலோ, லீவரின் பிடி மாறிவிட்டதாகத் தோன்றினாலோ அன்றைய பயிற்சி அதோடு போதும். மெக்கானிக் இன்னொரு விதத்தில் உங்களுக்கு உதவலாம். கிளட்ச் கேபிளில் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவு தளர்வு இருக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா, ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் இறுகியோ தேய்ந்தோ இருக்கிறதா, டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செயின் தளர்ந்த வண்டி மெதுவாகப் போகும்போது குலுங்கிக் குலுங்கி இழுக்கும். கோன் செட் இறுகியிருந்தால் ஹேண்டில் தானாகத் திருத்திக்கொள்ளாது. முன் டயரில் காற்று குறைந்திருந்தால் திருப்பவே கனமாக இருக்கும். இவை எல்லாமே ஓட்டுபவருக்குத் தன் திறமைக் குறைவாகத்தான் தெரியும். புதிய வண்டியானாலும் இருமுறை விழுந்திருப்பதால் ஹேண்டில் நேராக இருக்கிறதா, லீவர்களும் பிரேக் பெடலும் வளைந்திருக்கின்றனவா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதல் சில நாள் பயிற்சியை உங்கள் வண்டியில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்தவர் எவரிடமாவது நூறு அல்லது நூற்றிருபத்தைந்து சிசி வண்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டி சுமார் 112 கிலோதான். உங்கள் வண்டியைவிட எண்பது கிலோவுக்கு மேல் குறைவு. கிளட்ச், பின் பிரேக், பார்வை ஆகிய மூன்றையும் கைகால்கள் பழகிக்கொள்ளும்வரை எடையைப் பற்றிய பயம் குறுக்கே வராமல் இருப்பது நல்லது. பெரிய வண்டி வாங்கியவர்களுக்கு இதில் ஒரு கௌரவக் குறைச்சல் தோன்றுவதுண்டு; உங்களுக்கு அது வேண்டாம். ஆர்.டி.ஓ. தேர்வையும் அந்த வண்டியிலேயே கொடுக்கலாம். உரிமத்தில் பதிவாவது கியர் உள்ள இருசக்கர வாகனம் என்ற வகைதான், வண்டியின் எடை அன்று. எல்.எல்.ஆர். கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும் என்பதும் அது ஆறு மாதம் செல்லும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அவகாசம் போதுமானது. முதல் வாரத்திலேயே தேதி வாங்கி அவசரப்பட வேண்டாம்.

இடத்துக்குப் பள்ளி மைதானமோ, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் சிமென்ட் களமோ, வீட்டுமனைப் பிரிவில் ஆளில்லாத தார்ச்சாலையோ, உரியவரிடம் அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள். சரளைக்கல்லும் மணலும் இருக்கும் தரை வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, தடித்த பேன்ட் ஆகியவை பயிற்சிக்கும் பொருந்தும். மெதுவாகத்தானே ஓட்டுகிறோம் என்று செருப்போடு வருபவர்களின் கால்விரல்தான் முதலில் அடிபடும். துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியின் இடப்பக்கம் நின்று, அதை உங்கள் இடுப்புப் பக்கமாக இம்மியளவு சாய்த்தபடி மைதானத்தைச் சுற்றித் தள்ளுங்கள். எந்த இடத்தில் எடை ஒன்றுமில்லாமல் போகிறது, எந்த இடத்திலிருந்து கனக்கத் தொடங்குகிறது என்பது உடலுக்குப் புரிந்துவிடும். அடுத்து, வண்டியில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் வண்டியின் முன்பக்கம் சற்று அசைந்து முன்னே நகரப் பார்க்கும். அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு அடி நகரவிட்டு, மீண்டும் பிடியுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் உங்கள் இடக்கை லீவரை பிரேக்காக நினைப்பதை மறப்பது இங்கேதான் நடக்கும். கையின் நான்கு விரல்களும் களைத்துப்போகும்வரை இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்வதில்லை. களைத்த கை தவறாகக் கற்கும். சிறிது சிறிதாக, நாள்தோறும் செய்யுங்கள்.

அது கைவந்த பிறகு நேர்கோட்டில் மெதுவாகப் போகும் பயிற்சி. ஜப்பானில் இருசக்கர உரிமத் தேர்வில் ஒரு பகுதி இருக்கிறது: 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு குறுகிய மேடையின் மேல், கீழே இறங்கிவிடாமல் பைக்கை ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் வேகமாகப் போய்விட்டால் மதிப்பெண் குறையும். 400 சிசி வரையுள்ள நடுத்தர வண்டிகளுக்குக் குறைந்தது 7 விநாடியும், அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிகளுக்கு 10 விநாடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு விநாடி என்பது மணிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர், பத்து விநாடி என்பது 5.4 கிலோமீட்டர், அதாவது நடை வேகம். மெதுவாகப் போவதை ஒரு திறமையாக மதித்து அளப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. உங்களுக்கு மேடை தேவையில்லை. சுண்ணாம்புப் பொடியாலோ கோலப்பொடியாலோ 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளை 15 மீட்டர் நீளத்துக்குப் போட்டுக்கொண்டு, கணவரைக் கைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நான்கு விநாடியில் கடப்பீர்கள். பிறகு ஐந்து, ஆறு என்று நீட்டிக்கொண்டே போங்கள். இந்தப் பயிற்சியில் வண்டி நகரத் தொடங்கியதும் இரண்டு கால்களும் ஃபுட்ரெஸ்ட்டுக்கு வந்துவிட வேண்டும். ஸ்கூட்டரில் செய்வதுபோல் கால்களைத் தொங்கவிட்டு ஓட்டினால், வலக்கால் பின் பிரேக்கை விட்டு விலகிவிடும்; வேகத்தைக் குறைக்க முன் பிரேக் மட்டுமே மிஞ்சும். முழங்கால்களால் டேங்கை அணைத்துப் பிடியுங்கள். இடுப்புக்குக் கீழே வண்டியோடு ஒட்டியும், தோளும் முழங்கையும் தளர்ந்தும் இருக்க வேண்டும். பார்வை கோட்டின் கடைசியைத் தாண்டி ஒரு மரத்தின் மேலோ கம்பத்தின் மேலோ இருக்கட்டும். முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் பத்தாவது அடியில் கோட்டை விட்டு வெளியே போவீர்கள்.

திருப்பங்களில் பார்வையின் பங்கு இன்னும் பெரியது. கண் போகும் இடத்துக்கே வண்டி போகும் என்பதைப் பயிற்றுநர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பிவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொள்பவர்களே அதிகம். முகவாய் தோளுக்கு மேல் வரும்வரை தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முதலில் மைதானத்தின் பாதியை அடைக்கும் பெரிய வட்டம். பிறகு அதைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். வட்டம் சிறிதாகச் சிறிதாக வண்டியை உள்பக்கம் சாய்த்து, உங்கள் உடலை நிமிர்ந்த நிலையிலோ சற்று வெளிப்பக்கமாகவோ வைத்துக்கொள்ள வேண்டும். வேகமான வளைவில் உடலும் வண்டியோடு சாயும். மெதுவான வளைவில் எடையை வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்துவதுதான் நிலைப்படுத்தும்.

இங்கே உங்கள் உயரத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. ஆனால் அண்ணன் நினைக்கும் இடத்தில் அன்று. நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பதால் நம் யூ டர்ன்கள் எல்லாமே வலப்பக்கம் திரும்புபவை. ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது அதன் இடமுனை உங்களை விட்டு விலகி முன்னே போகிறது. கை நீளம் குறைவானவர்களுக்கு அப்போது இடக்கை நீண்டு, விரல் நுனிகள் மட்டும் கிளட்ச் லீவரில் இருக்கும். நூலிழையாக விட்டுப் பிடிக்க முடியாமல் ஒன்று முழுதாகப் பிடித்துவிடுவார்கள், அல்லது சட்டென்று விட்டு எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அதே நேரம் வலக்கை வயிற்றுப்பக்கம் மடங்கி, மணிக்கட்டு அறியாமலே ஆக்சிலரேட்டரைத் திருகிவிடும். யூ டர்னில் மட்டும் உங்களுக்கு அதிகமாகத் தள்ளாடுவதற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். திரும்புவதற்கு முன்பே டேங்கை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்காருங்கள். இடுப்பிலிருந்து சற்று முன்சாய்ந்து, முழங்கைகளை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். லீவரின் கோணத்தை மெக்கானிக்கிடம் சொல்லி உங்கள் கைக்கு ஏற்பத் தாழ்த்தியோ உயர்த்தியோ வைக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. பயிற்சியில் இடவட்டத்தையும் வலவட்டத்தையும் சம அளவு செய்யாமல், வலவட்டத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எட்டு போடுவது என்பது ஓர் இடவட்டத்தையும் ஒரு வலவட்டத்தையும் சேர்ப்பதுதான். கோடு குறுக்கே வெட்டும் இடத்தில்தான் பலரும் காலை ஊன்றுவார்கள். ஏனென்றால் அங்கே வண்டி ஒரு பக்கச் சாய்விலிருந்து நிமிர்ந்து மறுபக்கச் சாய்வுக்குப் போகிறது, அதே நொடியில் அவர்கள் ஆக்சிலரேட்டரையும் மூடுகிறார்கள். அந்த இடத்துக்கு வருமுன்பே தலை அடுத்த வட்டத்தின் தொலைமுனைக்குத் திரும்பிவிட வேண்டும். இழுவை ஒரு சொட்டும் குறையக் கூடாது. பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்தியபடி கடந்துவிடுங்கள். மைதானத்தில் தேர்வுக்களத்தைவிடச் சற்றுச் சிறிய எட்டைப் போட்டுப் பழகினால், தேர்வு நாளில் இடம் தாராளமாகத் தெரியும்.

நீங்கள் விழுந்த இரண்டு இடங்களும் புதிதாக ஓட்டுபவர்கள் வழக்கமாக விழும் இடங்கள். பெட்ரோல் பங்கில் பம்பை நோக்கித் திரும்பியபடியே நிறுத்த முயன்றிருப்பீர்கள். தரையில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்திருக்கும். நிற்கப் போகும் கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், பின் பிரேக்கால் நிற்க வேண்டும், முற்றிலும் நின்ற பிறகுதான் இடக்கால் கீழே வர வேண்டும். நேராக நிறுத்த இடமில்லையென்றால் பம்புக்கு நான்கடி தள்ளியே நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டு வாசல் சரிவில் சிக்கல் வேறு. தெருவிலிருந்து திரும்பிச் சரிவில் ஏறும்போது பாதியில் நின்றால், காலை ஊன்றப் போகும் பக்கம் தரை ஒரு சாண் கீழே இருக்கும். எவ்வளவு உயரமானவருக்கும் கால் எட்டாது. கேட் முழுதாகத் திறந்திருப்பதை உறுதி செய்த பிறகு, தெருவிலேயே வண்டியைச் சரிவுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, நிற்காமல் ஒரே இழுவையில் ஏறுங்கள். அந்தச் சரிவில் திரும்புவது என்பதே கூடாது.

உங்கள் வண்டியின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். 157 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியாது என்பது உண்மை, படியவும் தேவையில்லை. நிறுத்தும்போது இடுப்பை ஓரங்குலம் இடப்பக்கம் நகர்த்தி இடப்பாதத்தை முழுதாக ஊன்றுங்கள். வலக்கால் பின் பிரேக்கின் மேல் இருக்கட்டும். இரண்டு கால் நுனிகளால் தத்தளித்து நிற்பதைவிட இது பல மடங்கு உறுதியானது. இன்னும் வசதி வேண்டுமானால் இருக்கை தைப்பவரிடம் கொடுத்து முன்பகுதி ஃபோமின் ஓரங்களைச் செதுக்கிக் குறுக்கலாம்; தொடைகள் நெருங்கி வருவதால் கால் கூடுதலாக எட்டும். சஸ்பென்ஷனைத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைந்து வேகத்தடையில் இடிக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று எளிதில் மறுபக்கம் சாயும். ஹேண்டிலின் இயல்பும் மாறிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் வண்டி சாயலாம். மேலே சொன்ன கணக்கின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் சாய்ந்த வண்டியைக் காலால் தடுக்கப் பார்ப்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்தான் ஆபத்து. ஹேண்டிலை விட்டுவிட்டு விலகிவிடுங்கள். லெக் கார்டு பொருத்தியிருந்தால் சேதம் ஒரு கீறலோடு போகும். தூக்கும்போது முதலில் எஞ்சினை அணைத்து, முடிந்தால் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குமுன் சைடு ஸ்டாண்டை விரித்து வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி இடப்பக்கமாக விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை வைத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறுகையால் பின்பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்தால் வண்டி எழும்பும். கணவர் அருகில் நிற்க, பழைய மெத்தையின் மேல் வண்டியை மெல்லப் படுக்கவைத்து இதை இருமுறை செய்து பாருங்கள். விழுந்தால் தூக்க முடியும் என்று தெரிந்த பிறகு தோள்கள் எவ்வளவு தளர்கின்றன என்பதை நீங்களே உணர்வீர்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உரிமம் கைக்கு வரும்வரை அவளை ஏற்றிக்கொள்ளக் கூடாது. அதன் பிறகும், உங்கள் சொந்த வண்டியில் அந்த 15 மீட்டர்க் கோட்டை ஏழு விநாடியில் கால் ஊன்றாமல் கடக்கவும், நிதானமாக யூ டர்ன் போடவும் முடிந்த பிறகே பின்னால் ஆள் ஏற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் எடை மையம் உயர்ந்து பின்னுக்குப் போகிறது, முன்சக்கரம் இலேசாகிறது, நடை வேகத்தில் அவர் அசையும் ஒவ்வோர் அசைவும் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது. ஆகவே, முதலில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பழகிய ஒரு பெரியவரை வைத்து மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள்; உங்கள் கணவரே போதும், வேகமாகப் போகச் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால். மகளுக்கு அவளுடைய தலை அளவுக்கே பொருந்தும் ஹெல்மெட் வாங்குங்கள். உங்கள் பழைய ஹெல்மெட்டைக் கொடுக்க வேண்டாம். அவள் கால்கள் பின்னிருக்கை ஃபுட்ரெஸ்ட்டில் முழுதாகப் பதிகின்றனவா என்று பாருங்கள். பதியவில்லையென்றால் இன்னும் ஓராண்டு ஸ்கூட்டரிலேயே அழைத்துச் செல்லுங்கள். பதிந்தால், நீங்கள் முன் பிரேக்கைப் பிடித்து, இரண்டு கால்களையும் ஊன்றி, ‘ஏறு’ என்று சொன்ன பிறகே இடப்பக்கமிருந்து ஏற வேண்டும் என்றும், வண்டி மெதுவாகப் போகும்போது வேடிக்கை பார்க்கத் திரும்பக் கூடாது என்றும், நின்றவுடன் தானாகக் காலைக் கீழே விடக் கூடாது என்றும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.